காகிதப்பூச் செடிக்கு தினமும் தண்ணீர் ஊற்றுபவரா? கொஞ்சம் நிறுத்துங்கள்!

நர்சரியில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த காகிதப்பூ, அதாவது போகன்வில்லா, சென்னை அபார்ட்மென்ட் பால்கனிக்கு வந்த சில மாதங்களில் வெறும் இலையாக நிற்கும். 'தினமும் தண்ணி ஊத்துறோமே, ஏன் பூக்கல?' என்று கேட்பவர்கள் நிறைய. தினமும் ஊத்துறதுதான் பிரச்னையே.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி வறட்சியைத் தாங்கும். வேர் எப்போதும் ஈரமாகவே இருந்தால் இலையும் கிளையுமாக வளரும், பூ குறையும். தொட்டிக்குக் கீழே உள்ள தட்டில் தண்ணீர் தேங்கினால், காற்று கிடைக்காமல் வேர் அழுகும். அப்போதும் இலை வாடும். பலர் ஏமாறுவது இங்கேதான். தண்ணி பத்தலைன்னு நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். செடி செத்துவிடும்.

என்ன செய்யலாம்? விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியாக வெளியேறும் வரை ஊற்றுங்கள். பிறகு தட்டைக் காலி செய்துவிடுங்கள். தினமும் ஒரு டம்ளர் தெளிப்பது மேல்மண்ணை மட்டுமே நனைக்கும். சித்திரை வெயிலில் சின்னத் தொட்டி ஒரே நாளில் காயலாம். ஐப்பசி மழையில் ஊற்றவே தேவையிருக்காது. எனவே கிழமை பார்த்து ஊற்றாமல், மண்ணைப் பார்த்து ஊற்றுவதே சரி. செடிக்கு நேரடி வெயிலும் கட்டாயம் வேண்டும்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. கேட்காத செடிக்கு தினமும் ஊற்றினால் பூவும் போகும், தண்ணீரும் போகும்.