நோய் ஒன்று, மருந்து வேறு

பிழைப்புத் தேடி வேதாரண்யத்திலிருந்து கோதாவரி மாவட்டத்துக்கு நான் வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. பீமவரத்தில் தீவன வியாபாரம். அதோடு நண்பர் ஒருவருடன் பங்காக இரண்டு ஏக்கர் இறால் குளம். நம் சங்கக் குடும்பங்களில் இத்தொழிலை நம்பியிருப்போர் சிலர் உண்டு என்பதால், என் மனத்தில் பட்டதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குளத்து இறால்கள் தீவனம் எடுக்காமல் கரையோரம் ஒதுங்கின. கடைக்காரர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "தீவனத்தில் கலந்து போடுங்கள், மூன்று நாளில் சரியாகிவிடும்" என்றார். உள்ளே என்ன மருந்து என்று அதில் அச்சிட்டிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாவு நிற்கவில்லை. பிறகு சோதனை செய்ததில் வெண்புள்ளி நோய் என்று தெரிந்தது. அது வைரஸால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. மிஞ்சியதையாவது விற்கலாமென்றால், மருந்தின் எச்சம் இருக்கிறதென்று கொள்முதல் செய்பவர் எடுக்க மறுத்துவிட்டார். மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

விப்ரியோ போன்ற பாக்டீரியாவால் வரும் நோய்க்காவது கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். நோயுற்ற இறால் முதலில் நிறுத்துவதே தீவனத்தைத்தான். அதில் கலந்த மருந்தில் பெரும்பகுதி நீரிலும் சேற்றிலும்தான் போய்ச் சேரும். அங்குள்ள கிருமிகள் மெல்ல மெல்ல அதைத் தாங்கப் பழகிவிடும். அந்தத் திறன் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் கூடியது. நாளை நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படும் மருந்தை இன்று சேற்றில் கொட்டுகிறோம்.

குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம், இந்திய வளர்ப்பு இறாலைச் சோதிக்கும் அளவை நூற்றுக்குப் பத்திலிருந்து ஐம்பதாக உயர்த்தியது. சிலர் செய்த தவறுக்குத் தண்டனை எல்லோருக்கும்!

இப்போது எங்கும் புரோபயாடிக் என்ற பேச்சு. பேசிலஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் அடியில் தேங்கும் தீவன மிச்சத்தையும் கழிவையும் சிதைக்கின்றன. கெட்ட கிருமிகளோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடுகின்றன. நல்லதுதான். ஆனால் காலையில் கிருமிநாசினி, மாலையில் புரோபயாடிக் என்று ஊற்றுவோரைப் பார்க்கிறேன். கொதிக்கிற பாலில் உறைமோர் விட்டால் தயிராகுமா? பாட்டிலுக்குள் இருப்பது உயிர் என்பதை மறந்துவிடுகிறோம். தவிர, வெண்புள்ளி நோய்க்கு அதுவும் மருந்தல்ல.

என் தாழ்மையான கருத்து இதுதான்: சோதனை முதலில், மருந்து பிறகு. பி.சி.ஆர். சோதனை செய்த குஞ்சு, நெருக்கமில்லாத இருப்பு, அளவான தீவனம், தடையின்றி ஓடும் ஏரேட்டர், அறுவடைக்குப் பின் வெயிலில் காய்ந்து வெடித்த குளத்தடி, இவை இருந்தால் பாதி நோய் அண்டாது. புரோபயாடிக் இவற்றுக்குத் துணையே தவிர மாற்று அல்ல. பெயர் அச்சிடாத பொட்டலம் எதுவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதைச் சொல்லும் நானே, ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் வாய்க்கு வந்த மாத்திரையைக் கேட்டு வாங்கியவன்தான். அதையும் இப்போது விட்டுவிட்டேன். வளையல்களை மீட்க மூன்று அறுவடை ஆயிற்று. கடைக்காரரிடம் அன்றே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இத்தனை பாடில்லை.