குளிசையும் கேள்வியும்

நமது வைத்தியசாலைகளில் ஏதேனும் ஓர் அவலம் நிகழ்ந்துவிட்டால், மறுநாட் காலை யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே கேள்விதான் ஒலிக்கின்றது: “அந்த ஊசியைப் போட்ட நேர்ஸ் யார்?” பெயர் தெரிந்ததும் சமுதாயத்தின் சினம் தணிந்துவிடுகின்றது. குற்றவாளி கிடைத்துவிட்டார்; இனி நாம் உறங்கலாம். அந்த மருந்து எத்தனை கைகளைக் கடந்து, எந்த மொழியில் எழுதப்பட்டு, எத்தனை மணி நேரம் கண்ணுறங்காத ஒருவரின் கையை வந்தடைந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில், காய்ச்சலுக்காக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு சிறுமியின் இடது கையின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. நாளத்தில் மருந்து ஏற்றுவதற்காகப் பொருத்தப்பட்ட கனூலாவைப் பற்றிய கேள்விகள் எழுந்தன; விசாரணைகள் நடைபெற்றன; விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கிற்குத் தீர்ப்பெழுதுவது நமது வேலையன்று. ஆனால் அதையொட்டிப் பொதுவான ஓர் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். கனூலா பொருத்திய கை குளிர்ந்தால், நிறம் மாறினால், வீங்கினால், குழந்தை வலியாற் கதறினால், மருந்தை உடனே நிறுத்திப் பார்க்கவேண்டும் என்பது தாதியியலின் அரிச்சுவடி. இவ்வறிகுறிகளை முதலிற் காண்பவர் யார்? பெரும்பாலும் கட்டிலோரத்தில் அமர்ந்திருக்கும் தாய். “கை குளிர்ந்தால் உடனே எங்களைக் கூப்பிடுங்கோ அம்மா” என்று அத்தாயிடம் சொல்வதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம், பொருளுதவியும் வேண்டாம். நமது விடுதிகள் எத்தனையில் அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படுகின்றது?

மருந்து கொடுப்பதற்குத் தாதியர் ஐந்து விதிகளைக் கற்கின்றனர். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்பன அவை. நல்ல விதிகள்தாம்; அவற்றை மறுப்பாரில்லை. எனினும் இவ்வைந்தும் ஒரே ஒருவரின் தோளில் ஏற்றப்பட்டிருப்பதை நாம் கவனிப்பதில்லை. வைத்தியர் எழுதுகின்றார், மருந்தாளர் வழங்குகின்றார், தாதி கொடுக்கின்றார், நோயாளி விழுங்குகின்றார். இச்சங்கிலியில் எங்கே பிழை நேர்ந்தாலும் அது வெளிப்படுவது தாதியின் கையிலேதான். ஆகவே அவரே கடைசிக் காவலர்; அவரே முதற் குற்றவாளி.

அவர் கையில் இருக்கும் குப்பியே பொய்யானால் என்ன செய்வது? தரமற்ற மனித இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டதை நாடறியும். வழக்கின் முடிவு எதுவாயினும், ஒரு பாடம் தெளிவானது: ஐந்து விதிகளையும் அணுவளவும் பிசகாது கடைப்பிடித்த தாதிகூட, மேலே கொழும்பில் நிகழும் ஊழலுக்கும் அலட்சியத்துக்கும் கருவியாக்கப்படலாம். இவ்வளவு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து உலுக்குவது நீதியாகுமா?

இனி, அச்சங்கிலியின் முதற் கண்ணியாகிய எழுத்தைப் பார்ப்போம். இன்சுலினின் அளவைக் குறிக்க ‘யூனிற்’ என்ற சொல்லின் முதலெழுத்தை மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதும் வழக்கம் உலகெங்கும் உயிர்களைக் குடித்திருக்கின்றது. அவசரமாக எழுதிய அவ்வெழுத்து பூச்சியம் போலத் தோன்றும். 10 யூனிற் 100 ஆகிவிடும். 5 என்பதை 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கியவுடன் அது 50. அரை மில்லிகிராமை முன்னே பூச்சியமின்றி .5 என்று எழுதினால், அது 5. காலை, இரவு, நாளுக்கு இரு தடவை, மும்முறை என்பவற்றையெல்லாம் இலத்தீன் குறுக்கங்களால் எழுதும் பழக்கமும் இன்னும் ஒழியவில்லை. உரோமாபுரியில் என்றோ இறந்துபோன மொழி, நோயாளரின் ஏடுகளில் மட்டும் உயிர்வாழ்கின்றது! அதனால் நோயாளிக்கு விளைந்த நன்மை யாது? ஒன்றுமில்லை. எழுதுகின்றவருக்குச் சில விநாடிகள் மிச்சம், அவ்வளவே.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய இழிவன்று. உலக சுகாதார நிறுவனம் 2017இல், மருந்துப் பிழைகளால் விளையும் தவிர்க்கக்கூடிய கடுந்தீங்கை ஐந்தாண்டுகளிற் பாதியாகக் குறைக்கவேண்டும் என்று அறைகூவல் விடுத்தது. இப்பிழைகளால் ஆண்டுதோறும் உலகிற்கு ஏற்படும் செலவை 4,200 கோடி அமெரிக்க டொலர் என மதிப்பிட்டது. செல்வம் கொழிக்கும் நாடுகளும் தப்பவில்லை. அப்படியிருக்க, இதை ஒரு தனியாளின் ஒழுக்கக்கேடாக மட்டும் கருதுவது அறியாமை. அறிந்தும் அவ்வாறு பேசுவது வஞ்சகம்.

நோயாளியின் பக்கம் திரும்புவோம். வெளிநோயாளர் பிரிவில் நீண்ட வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி, சிறு கடதாசி உறைகளிற் சில குளிசைகளுடன் வெளியே வருகின்றார். உறையின்மேல் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். பக்கத்தில் ஒரு கிறுக்கல். “பிள்ளை, இது என்ன குளிசை?” என்று அவர் கேட்கின்றார். “டொக்டர் எழுதினது அம்மா, குடியுங்கோ” என்று பதில் வருகின்றது. அவ்வுறையில் ‘பரசிட்டமோல்’ இருக்கின்றது. வீட்டிலே தலையிடிக்குக் கடையில் வாங்கிய ‘பனடோல்’ இருக்கின்றது. இரண்டும் ஒரே மருந்து என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதையும் இதையும் நாட்கணக்கில் சேர்த்து விழுங்கினால் ஈரல் கெடும். வளர்ந்த ஒருவருக்கே ஒரு நாளில் 4 கிராமுக்கு மேற் கூடாது; உடல் மெலிந்த முதியவருக்கு அதனினும் குறைவே தகும். மூட்டுவாதத்துக்கு வழங்கும் மெதொட்ரெக்சேற் என்ற குளிசையோ இன்னும் கொடியது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கவேண்டிய அதனை, நாள்தோறும் குடித்து உயிரிழந்தோர் பல நாடுகளிலும் உண்டு. ‘வாரத்துக்கு ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும்’ என்று தமிழில் எழுதப்படும் சில சொற்கள் அங்கே உயிர் காக்கும் மருந்து. அவற்றை எழுதாமை நஞ்சு.

பனடோல், பரசிட்டமோல் என்ற இரட்டைப் பெயரின் ஆபத்து பாமரரை மட்டும் பற்றுவதன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், 2017 டிசம்பரில் ஒரு தாதி, மிடசோலம் என்னும் அமைதி மருந்தை அதன் வணிகப் பெயரால் இயந்திர அலுமாரியில் தேடினார். அப்பெயரின் முதலிரண்டு எழுத்துகளைத் தட்டினார். அலுமாரியோ பொதுப்பெயர்களைக் காட்டிற்று; அதே எழுத்துகளில் தொடங்கும் வெகுரோனியம் வெளிவந்தது. அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்துவது. நோயாளி இறந்தார். குப்பியின்மேல் இருந்த எச்சரிக்கையைத் தாதி வாசிக்கத் தவறினார் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 2022 மார்ச்சில் நடுவர்குழு குற்றவாளி எனத் தீர்த்தபோது கூண்டில் நின்றவர் அவர் ஒருவரே. எச்சரிக்கைகளை மீறித் திறக்கவிட்ட அலுமாரியும், அதை அவ்வாறு பயன்படுத்தப் பழக்கிய நிர்வாகமும் கூண்டேறவில்லை. ‘இனிப் பிழையை ஒப்புக்கொள்ள யார் துணிவார்?’ என்று அந்நாட்டுத் தாதியர் கேட்டனர். அது நமது கேள்வியுமாகும். தண்டனைக்கு அஞ்சி மறைக்கப்படும் பிழை, அடுத்த விடுதியில் அடுத்த உயிரைத் தேடிச் செல்லும்.

ஒரு மருந்துக்கு ஒரு பெயர் என்ற கொள்கையை உலகிற்கு உரைத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் நம் நாட்டவரே. மருந்தியற் பேராசிரியரும் இடதுசாரியுமான சேனக பிபிலே, 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். தனியார் துறை இறக்குமதி செய்த 2,100 அளவிலான மருந்துகளை 600 அளவுக்குக் குறைக்கவும், வணிகப் பெயர்களின் ஆட்சியை ஒழிக்கவும் அவர் முனைந்தார். பன்னாட்டு மருந்துக் கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1977இல் அவர் கயானாவில் இறந்தார். அவ்வாண்டே உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. பிபிலேயின் கொள்கையைச் சிக்கன நடவடிக்கை என்று மட்டும் நினைப்பவர் அதன் பாதிப் பொருளையே அறிந்தவர். பெயர்க் குழப்பத்தை நீக்குவது உயிர்களைக் காப்பதுமாகும்.

இவற்றைச் சொன்னவுடன் நம்மிடையே ஒரு சாரார் எழுவர். “மருத்துவம் ஆங்கிலத்தின் சொத்து, தமிழிற் சொன்னாற் பிழை பெருகும்” என்பர். அவர்களுக்கு மானிப்பாயின் வரலாற்றை நினைவூட்டுவோம். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மதம் பரப்பும் நோக்கோடு வந்தவரே. அதை நாம் மறக்கவில்லை. எனினும் மக்களின் மொழியிலன்றி மருத்துவம் மக்களைச் சேராது என்பதை அவர் உணர்ந்தார். மானிப்பாயிலே தமிழ் மாணவருக்குத் தமிழிலே மேலைமருத்துவம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’, மருந்துப்பொருள்களைப் பற்றிய ‘இந்து பதார்த்த சாரம்’ முதலிய நூல்கள் அவருடைய முயற்சியாலும் அவருக்குத் துணைநின்ற தமிழ் மாணவரின் உழைப்பாலும் உருவாயின. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இயன்றது இன்று இயலாது என்பது ஆராய்ச்சியின் முடிவன்று. அது சோம்பலின் முடிவு. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியல் மேடைகளில் அவ்வுரிமைக்காக முழங்குவோர், அது ஒரு மூதாட்டியின் மருந்து உறைவரை வந்து சேர்ந்ததா என்று ஒருநாளாவது பார்த்ததுண்டா?

ஆங்கிலம் ஒழிக என்பது நம் வாதமன்று. பல மொழியினர் பணியாற்றும் இத்தீவில் வைத்தியரின் ஏடு ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆனால் குறுக்கங்களின்றி, முழுச் சொற்களில், வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும். நோயாளியின் கைக்குச் செல்வது நோயாளியின் மொழியில் இருக்கட்டும். அதற்காக அகராதியைத் தோண்டிப் புதிய சொற்களைப் புனையும் பண்டிதர்களையும் நாம் அழைக்கவில்லை. குளிசை, பாணி மருந்து, ஊசி, இன்சுலின் என மக்கள் ஆளும் சொற்கள் போதும். விளங்காத ஆங்கிலத்துக்குப் பதிலாக விளங்காத தமிழ் வருவதால் யாருக்கு இலாபம்?

ஆயினும் மொழியை மட்டும் மாற்றினாற் போதாது. ‘டொக்டர் எழுதினது’ என்ற அந்தப் பதிலில் நம் சமுதாயத்தின் முழு வரலாறும் அடங்கியிருக்கின்றது. மேலுள்ளவன் சொல்வான், கீழுள்ளவன் செய்வான் என்ற யாழ்ப்பாணத்து நிலவுடைமை மனப்பான்மை, வெள்ளைச் சுவர்களுக்குள்ளும் ஆட்சி செய்கின்றது. பிள்ளை வைத்தியனாகவேண்டும் என்று தவங்கிடக்கும் நம் பெற்றோர், தாதித் தொழிலை இரண்டாந்தர வாழ்வாகவே எண்ணுகின்றனர். இவ்வாறு தாழ்த்தப்பட்டவர், “இந்த அளவு கூடுதலாகத் தெரிகிறதே, ஒருமுறை பாருங்கள்” என்று வைத்தியரிடம் சொல்லத் துணிவாரா? துணிந்தாலும் அதை வரவேற்பார் எத்தனை பேர்? மருந்தியலைத் தாதிக்குக் கற்பிப்பது கட்டளையைச் சிறப்பாக நிறைவேற்றுவதற்காக அன்று. பிழையான கட்டளையைத் தடுத்து நிறுத்துவதற்காகவே. கேள்வி கேட்க இயலாதவருக்கு ஊட்டப்படும் அறிவு, பூட்டிய பெட்டியிலிட்ட விளக்கு.

இதனோடு ஆட்பற்றாக்குறையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப்பின் வைத்தியரும் தாதியரும் வெளிநாடு செல்வது பெருகிற்று. எஞ்சியோர் இருவர் வேலையை ஒருவராகச் செய்கின்றனர். களைத்த கண் புள்ளியைக் காணாது. அக்களைப்புக்குத் தாதியைத் தண்டிப்பது, ஓட்டைத் தோணியைக் கடலில் விட்டுவிட்டு ஓட்டியைத் திட்டுவது போன்றது.

நாம் கேட்பவை வானத்து நிலவல்ல. மருந்து உறை ஒவ்வொன்றிலும் மருந்தின் பொதுப்பெயரும் குடிக்கும் முறையும் தமிழில் எழுதப்படவேண்டும். உயிராபத்து விளைக்கவல்ல இன்சுலின், ஹெப்பரின், பொற்றாசியம் குளோரைட்டு முதலியவற்றை ஏற்றுமுன் இருவர் தனித்தனியே சரிபார்க்கவேண்டும். ஐயங்கொண்ட தாதி மருந்தை நிறுத்திவைத்துக் கேட்பது அவருடைய உரிமையாக எழுத்தில் உறுதிசெய்யப்படவேண்டும். நேர்ந்த பிழையையும் நேரவிருந்த பிழையையும் அச்சமின்றி அறிவிக்க வழி வேண்டும். போதிய தாதியரும், விடுதிக்கு வந்து மருந்தேட்டைப் பார்க்கும் மருந்தாளரும் வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே, உங்களுக்கும் இதிற் பங்குண்டு. இரசாயனச் சமன்பாடுகளை மனனஞ் செய்விக்கும் நம் வகுப்பறைகளில், ஒரு மருந்து உறையை எப்படி வாசிப்பது என்று ஒரு பாடவேளையாவது ஒதுக்க முடியாதா? உங்கள் வீட்டு முதியவரின் குளிசைப் பையை இன்று மாலையே திறந்து பாருங்கள். எது எதற்கு, எத்தனை, எப்போது என்று அவரிடமே கேளுங்கள். தெரியாது என்று அவர் சொன்னால், மறுமுறை கிளினிக்குக்கு அவருடன் செல்லுங்கள், அவருக்காகக் கேளுங்கள். முதல் நாள் எரிச்சலோடு பதில் வரலாம். இரண்டாம் நாள் வராமலும் போகலாம். நூறு பேர் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆயிரம் பேர் கேட்டால் அப்பதில் உறையின்மேல் அச்சாகும்.