சிறிய நூலகமும் நமது கடமையும்

விருந்தாக வருவோர் தம் வீட்டுப் பாத்திரங்கள் யாவற்றையும் சுமந்து வருதல் வேண்டா. வேண்டுவனவற்றை இல்லத்தாரே அளிப்பர். பென்னாகரத்தின் வழியே ஒகேனக்கல் நோக்கிச் செல்வோர் குடத்தில் நீர் கொண்டு போவதில்லையன்றோ? கணிப்பொறி மொழிகளுள் லூவா என்பது அத்தகைய விருந்து. 1993-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய இம்மொழி, பிறிதொரு செயலியினுள் குடியிருந்து பணிபுரிதற்கென்றே அமைந்தது.

இதனோடு வரும் நிரல்நூலகங்கள் மிகச் சில. இது குறையென்பர் சிலர். நாம் அதற்கு உடன்படோம். சிறிதாயிருத்தலின் சிறு கருவிகளிலும் அது புகும். இல்லத்தார் வேண்டாதவற்றை விலக்கி, வேண்டுவனவற்றைச் சேர்த்தலும் எளிது. விக்கிப்பீடியா 2013-இல் லூவாவை ஏற்றபொழுது, கோப்புகளைத் தொடும் நூலகத்தை நீக்கிப் பன்மொழி எழுத்துக்களைக் கையாளும் நூலகமொன்றைத் தானே சேர்த்தது.

நிற்க. தமிழர்க்கு இதனால் நேரும் இடரொன்று உண்டு. 'பென்னாகரம்' ஆறெழுத்துச் சொல்லென்பதைப் பள்ளிச் சிறாரும் அறிவர். லூவாவின் சர நூலகமோ அதனை 30 என்னும். அது எண்ணுவது பைட்டுகளையே. 2015-இல் வந்த 5.3-ஆம் பதிப்பில் சேர்ந்த யூ.டி.எஃப்.-8 நூலகம் 10 என்னும். கொம்பையும் காலையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணும். விக்கிப்பீடியாவின் நூலகமும் அவ்வாறே. அப்பத்தில் முதல் மூன்றை மட்டும் எடுப்பின் 'பென' என நிற்கும், புள்ளி உதிர்ந்துபோம். பெயர்ப்பட்டியலொன்றில் ஒருவர் பெயர் இங்ஙனம் சிதையின், அதனைச் சிறு பிழையென விடுதல் தகுமோ?

ஆறென எண்ணும் விதியை ரியோ நகரத்தாரிடம் எதிர்பார்த்தல் முறையன்று. உயிர்க்குறியும் புள்ளியும் முன்னின்ற மெய்யோடு சேரும் என்பது எளிது. ஆனால் 'க்ஷ' ஓரெழுத்தோ இரண்டோ, 'ஸ்ரீ' எங்ஙனம் எண்ணப்படும் என்பனவற்றைத் தமிழறிந்தாரே துணிதல் வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு எழுதிக்கொள்ளின், ஒரே பெயர்க்கு ஓரிடத்தில் ஓரெண்ணும் மற்றோரிடத்தில் வேறெண்ணும் கிடைக்கும்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! தமிழ் கற்பாரும் கணிப்பொறி கற்பாரும் ஒருங்கமர்ந்து விதிகளைத் துணிந்து, சிறியதொரு நூலகமாக எழுதி, பல சொற்களில் சோதித்து, யாவரும் எடுத்தாளப் பொதுவில் வைத்தலே தக்கது. மொழியை ஆக்கினோர் இடம் விட்டிருக்கின்றனர்; அவ்விடத்தை நிரப்புதல் நம் கடன்.