தோற்றமும் தீர்ப்பும்

சர்வமத மாநாடுகளுக்கு இந்நாட்டிலே குறைவில்லை. மேடையில் நான்கு சமயத்தவரும் வரிசையாக வீற்றிருப்பர்; குத்துவிளக்கு ஏற்றப்படும். சைவப் பெரியார் ஒருவர் தேரின் அச்சாணியை உவமையாகக் கூறும் குறளை விளக்குவார். பௌத்த துறவியொருவர், பிறப்பினால் எவனும் இழிந்தவனாகான் என்ற போதனையை நினைவூட்டுவார். குருவானவர் மலைப்பிரசங்கத்தையும், மௌலவி மனிதகுலத்தின் பொதுத் தோற்றுவாயையும் எடுத்துரைப்பர். கரகோஷம் எழும், கூட்டம் கலையும். மண்டப வாயிலைக் கடந்ததும், எதிரே வருபவரின் நெற்றியையும் தலையையும் உடையையும் பார்த்து, அவர் எத்தகையவர் என்று தீர்மானிக்கும் தொழிலை நாம் மீண்டும் தொடங்கிவிடுவோம்.

இம்முரண்பாட்டுக்குக் காரணம் யாது? போதனைகள் போதாமை அன்று. அவற்றை நாம் வாசிக்கும் முறையிலேயே பிழையுள்ளது என்பது எனது துணிபு. ஒவ்வொருவரும் தத்தம் சமய நூலை ஒரு நற்சான்றிதழாகவே மேடையில் நீட்டுகின்றோம். எமது சமயம் எத்துணைப் பரந்த நோக்குடையது என்று பிறருக்குக் காட்டுவதே நோக்கம். ஆனால் அந்நூல்களோ நற்சான்றிதழ்கள் அல்ல, குற்றப்பத்திரிகைகள். அவற்றிலே குற்றஞ்சாட்டப்படுபவரும் புறச்சமயத்தவர் அல்லர். அவ்வச் சமயத்தின் சொந்த அடியவரே.

கண்ணப்பர் வரலாற்றை நாம் பாலர் வகுப்பிலிருந்தே கற்றுவருகின்றோம். வேடனின் அன்பைப் போற்றுவதோடு எமது விளக்கம் நின்றுவிடுகின்றது. ஆனால் சேக்கிழார் கூறும் அவ்வரலாற்றிலே திருத்தப்படுபவர் யார்? வேடனல்லர், ஆகமவழி நின்று பூசை செய்த சிவகோசரியார். இறைச்சியும் எலும்பும் கிடந்த சந்நிதியைக் கண்டு இது யார் செய்த அநாசாரம் என்று பதைத்த அந்த நல்லடியாரையே இறைவன் ஒளிந்திருந்து பார்க்கச் சொல்கின்றான். தூய்மைக்கு எல்லாப் புற அடையாளங்களும் பொருந்திய அவருக்கே காளத்தியிலே பாடம் கற்பிக்கப்படுகின்றது.

விவிலியத்திலும் இதுவே நிகழ்கின்றது. அரசனாக அபிடேகம் செய்தற்குரியவனைத் தேடிப் பெத்லகேமுக்குச் செல்லும் சாமுவேல், ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு, இவனே என்று முடிவு செய்கின்றார். ஆடு மேய்க்கச் சென்றிருந்த கடைசி மகன் தாவீதை எவரும் நினைக்கவுமில்லை. கடவுளாற் கண்டிக்கப்படுபவர் புறவினத்தவர் அல்லர், தீர்க்கதரிசியாகிய சாமுவேலே. பௌத்த நூலாகிய உதானத்திலே, குள்ளமும் விகாரமுமான தோற்றமுடைய லகுண்டக பத்தியர் என்னும் பிக்குவை இழிவாக நோக்கியவர் சக பிக்குகள். அவரது பெருமையைப் புத்தர் எடுத்துக் கூறியதும் அவர்களுக்கே. குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் இவை எல்லாவற்றினும் துணிவானது. குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்த வேளையில் வந்த கண்பார்வையற்ற ஒருவரைக் கண்டு முகஞ்சுளித்தமைக்காக நபிகள் நாயகமே கண்டிக்கப்பட்டார் என்று உரையாசிரியர் பெரும்பாலோர் விளக்குவர். தமது தலைவரைக் கண்டித்த அவ்வசனங்களை முஸ்லிம் சமூகம் மறைத்துவிடவில்லை. இன்றும் தொழுகையில் ஓதிவருகின்றது.

இந்நான்கும் ஒருமித்துக் கூறுவது யாது? தோற்றங்கண்டு தீர்ப்பளிக்கும் தவறு கொடியவரிடத்தில் மட்டும் காணப்படுவதன்று. பக்தியும் ஒழுக்கமும் உடையோரிடத்திலேயே அது எளிதில் குடிகொள்ளும். தான் தூயவன் என்ற எண்ணமே அதற்குரிய விளைநிலம். ஆகவே இக்கதைகளைப் பிறருக்கு உபதேசிப்பவன் அவற்றைப் புரிந்துகொள்ளாதவன் ஆவான்.

இந்த அளவுகோலை எமது சமூகத்துக்கே பொருத்திப் பார்ப்போம்.

1983 ஜூலையில் கொழும்பின் வீதிகளிலே தமிழரை எவ்வாறு இனங்கண்டனர்? நெற்றியில் பொட்டு உண்டா என்று பார்த்தனர். வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி நாவைச் சோதித்தனர். பொட்டை அழித்தும் தாலியை மறைத்தும் உயிர் பிழைத்த பெண்கள் எம் குடும்பங்களிலே இன்றும் உள்ளனர். நெற்றியில் இட்ட ஒரு குறி ஒருத்தியைப் பகைவியாக்கப் போதுமானதாயிருந்த அந்நாட்களை மறவோம் என்று ஆண்டுதோறும் கூறுகின்றோம்.

ஆனால் 2018 ஏப்பிரலிலே திருகோணமலையில் நடந்தது யாது? ஓர் இந்து மகளிர் கல்லூரியிலே முஸ்லிம் ஆசிரியைகள் சேலைக்குப் பதிலாக அபாயா அணிந்து வந்தமைக்கு எதிராகப் பெற்றோரும் பிறரும் வாயிலில் ஆர்ப்பாட்டம் செய்தனர். ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் பக்கமே நியாயம் கண்டது. எனினும் 2022இல் அவர்களுள் ஒருவர் அபாயாவுடன் கடமைக்குத் திரும்பியபோது பிரச்சினை மீண்டும் வெடித்தது. அவர்கள் கணிதத்தை நன்கு கற்பித்தனரா, மாணவியரை அன்போடு நடத்தினரா என்பன எவருக்கும் வினாக்களாகத் தோன்றவில்லை. பொட்டுக்காக வேட்டையாடப்பட்ட சமூகம் அபாயாவைக் கண்டு வாயிலை அடைத்தது. இதனைக் கூறத் தயங்கும் தமிழனுக்கு 1983ஐப் பற்றிப் பேசும் தகுதி எங்கிருந்து வரும்?

இதற்கு மறுப்புக் கூறுவோர் மூன்று வாதங்களை முன்வைப்பர்.

இந்துப் பாடசாலையின் பண்பாடு காக்கப்பட வேண்டும் என்பது முதலாவது. நன்று, கன்னியர் மடப் பாடசாலைகளிலே தலையை மூடிய நீண்ட அங்கி அணிந்த அருட்சகோதரிகள் எம் பாட்டிமாருக்கும் அன்னையருக்கும் கற்பிக்கவில்லையா? அவர்களிடம் கற்றமையாற் சைவம் அழிந்துவிட்டதா? ஒருவரின் முக்காட்டைத் துறவின் சின்னமாகவும் மற்றொருவரின் முக்காட்டை அச்சத்தின் சின்னமாகவும் காண்பது கண்ணன்று. கண்ணுக்குப் பின்னாலுள்ள அரசியலே.

பாதுகாப்பு என்பது இரண்டாவது. 2019 ஏப்பிரல் 21இல் நிகழ்ந்த கொடுமையை எவரும் மறக்கவியலாது. ஆனால் அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகளை வெடிக்கச் செய்தோர் சாதாரண உடையில் முதுகுப்பைகளோடு வந்த ஆடவர். எட்டு நாட்களின் பின் அவசரகாலப் பிரமாணங்களால் தடைசெய்யப்பட்டதோ பெண்களின் முகத்திரை. அதன்பின் முகத்தை மூடாது தலையை மட்டும் மூடியிருந்த பெண்களும் வைத்தியசாலை வாயில்களிலும் அலுவலகங்களிலும் தடுக்கப்பட்டனர். கொலையாளியின் தோற்றம் ஒன்று. தண்டிக்கப்பட்ட தோற்றம் வேறொன்று. 2001 செப்டெம்பரில் நியூயோர்க் தாக்குதல் நிகழ்ந்து நான்கே நாட்களில், அரிசோனா மாநிலத்தின் மேசா நகரிலே ஒரு சீக்கியர் தாடிக்காகவும் தலைப்பாகைக்காகவும் சுட்டுக் கொல்லப்பட்டார். தோற்றத்தை நம்பும் பாதுகாப்பு யாரையும் பாதுகாப்பதில்லை.

மூன்றாவது வாதம் முற்போக்காளருடையது. அபாயா பெண்ணடிமையின் சின்னம் என்பர் அவர். அவ்விவாதம் நடைபெறட்டும், ஆனால் அதனை அவளோடு நிகழ்த்த வேண்டும், அவளை வெளியே நிறுத்தியன்று. பிரான்ஸ் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரச பாடசாலைகளில் மாணவியரின் முக்காட்டை நீக்கியது. ஈரானிலே முக்காடு ஒழுங்காக இல்லை என்று கைதுசெய்யப்பட்ட மாசா அமினி என்னும் 22 வயதுப் பெண் 2022இல் காவலில் இருக்கையில் இறந்தார். மூடுவதைத் தடுக்கும் அரசும் திறப்பதைத் தண்டிக்கும் அரசும் ஒன்றையே நம்புகின்றன: ஒரு பெண்ணின் உள்ளத்தை அவளது தலைத்துணியில் வாசித்துவிடலாம் என்பதே அந்நம்பிக்கை.

இன்னுமொன்றும் மனங்கொள்ளத்தக்கது. நாம் இகழும் தோற்றம் சிலவேளை நாமே ஆக்கியதாகவும் இருக்கும். யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை அணிவதும் நகை அணிவதும் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தன. தடுத்தவர்களே பின்னர் அவர்களை நாகரிகமற்றவர் என்று தள்ளிவைத்தனர். சாதி காரணமாகப் பொது இடங்களில் அனுமதி மறுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே இயற்றப்பட்டது. எனினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் கதவுகள் அடைக்கப்பட்டன. வெளியே நின்றோரும் திருநீறு அணிந்த சைவரே. அடையாளம் ஒன்றாயிருந்தும் பயனில்லாது போயிற்று. ஒதுக்க விரும்புபவனுக்கு அடையாளம் ஒரு சாட்டேயன்றிக் காரணமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கற்றவர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். புதுமுக மாணவன் எதனை அணியலாம், எவ்வாறு தலைவாரலாம் என்று விதிக்கும் மூத்த மாணவர் எமது வளாகங்களிலே உள்ளனர். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. மனப்பான்மை இன்னும் வந்து சேரவில்லை. பகலிலே வர்க்கபேதத்தைக் கண்டித்து உரையாற்றிவிட்டு, மாலையிலே மலையகத்திலிருந்து வந்த மாணவனின் சட்டையையும் பேச்சுவழக்கையும் நகையாடுவோரை விடுதிகளில் நான் கண்டிருக்கின்றேன். வெட்கத்தோடு கூறுவதானால், அந்நகைப்பில் ஒருநாள் நானும் கலந்துகொண்டேன். சிவகோசரியாரின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்க வேண்டும் என்று உணர்ந்தது அதன் பின்னரே.

சகிப்புத்தன்மை என்ற சொல்லை நாம் போதுமானவரை பயன்படுத்திவிட்டோம். சகித்தல் என்பது மற்றவரைத் தொல்லையாகக் கருதிப் பொறுத்துக்கொள்வதாகும். வேண்டப்படுவது அதுவன்று. எதிரே நிற்பவரைப் பற்றி எதுவும் அறியாத நிலையில் தீர்ப்பை ஒத்திவைக்கும் நேர்மையே வேண்டப்படுவது. அதற்குப் புதிய வேதம் எதுவும் தேவையில்லை; உள்ள நூல்களிலே எமக்கெதிராக எழுதப்பட்டிருப்பதை எமக்கெதிராகவே வாசித்தாற் போதும். அடுத்த சர்வமத மாநாட்டிலே ஒவ்வொரு சமயத்தவரும் தமது சமயத்தின் பெருமையைப் பேசாது, தம்மவர் எவரை எந்த வாயிலில் தடுத்து நிறுத்தினர் என்பதை முதலிற் கூறட்டும். தமிழராகிய நாம் திருகோணமலையிலிருந்தும் மாவிட்டபுரத்திலிருந்தும் தொடங்குவோமாக.