‘கொஞ்சம்தானே!’

எங்க ஹாஸ்டல் நாய்க்குப் பேரு அரியர். எத்தனை செமஸ்டர் போனாலும் நம்மை விட்டுப் போகாதுன்னு ஏதோ ஒரு சீனியர் வச்ச பேரு. வச்சவர் பாஸ் ஆகிப் போயிட்டார். அரியர் இன்னும் மெஸ் வாசல்லதான் படுத்திருக்கு.

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி அது நிஜமாவே நம்மை விட்டுப் போயிருக்கும். பன்னிரண்டு மணிக்குப் பிறந்தநாள் கொண்டாட்டம். நண்பனோட அண்ணன் வெளிநாட்டுல இருந்து அனுப்பின டார்க் சாக்லேட் வந்திருந்தது. கேக்கை மூஞ்சியில பூசி முடிச்சதும், வாலாட்டிட்டு நின்ன அரியருக்கும் ஆளுக்கு ஒண்ணு ரெண்டு துண்டு போட்டோம். மூணு மணிக்குப் பார்த்தா, வராண்டாவுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இளைக்க இளைக்க ஓடுது. வாந்தி எடுக்குது. கால் நடுங்குது. விடியுறதுக்கு முன்னாடியே ஆட்டோ பிடிச்சு ஒரு கால்நடை மருத்துவரை எழுப்பினோம்.

அவர் மூணே கேள்வி கேட்டார். “என்ன சாப்பிட்டுச்சு? எப்போ? எவ்வளவு?” முதல் ரெண்டுக்கும் பதில் சொல்லிட்டோம். மூணாவதுக்கு எட்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். ஒவ்வொருத்தரும் சொன்னது ஒரே பதில்தான்: “நான் கொஞ்சம்தான் சார் போட்டேன்.”

கரித்தூள் கரைசல் குடுத்து, டிரிப் ஏத்தி, அரியரைக் காப்பாத்திட்டார். ஆனா அந்த ‘கொஞ்சம்தான்’ இன்னும் எனக்கு உறுத்துது. கேம்பஸ் நாய்ங்களுக்கு நாம செய்யுற பெரிய கெடுதல் அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்குங்கிறது என் கருத்து. தெருநாய்க்குச் சோறு போடலாமா கூடாதாங்கிற சண்டை வேற. அதுக்குள்ள நான் போகல. நாம ஏற்கனவே போட்டுக்கிட்டுதான் இருக்கோம். போடுறது என்னன்னு தெரிஞ்சு போடணும், அவ்வளவுதான்.

நாம இன்ஜினியரிங் பசங்க, கணக்குப் போட்டே பார்ப்போம். கோகோவுல தியோபுரோமின்னு ஒரு பொருள் இருக்கு. நம்ம உடம்பு அதை நாயை விட வேகமா கழிச்சிடும். நாயோட உடம்புல பாதி அளவு குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, பதற்றம் ஆரம்பிக்கும். 40 தாண்டினா இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ல வலிப்பு வரலாம். மில்க் சாக்லேட்ல ஒரு கிராமுக்குத் தோராயமா 2 மில்லிகிராம், டார்க் சாக்லேட்ல 5 அல்லது அதுக்கு மேல. அரியர் எடை 15 கிலோ. எட்டு பேர் ஆளுக்குப் பத்து கிராம் போட்டா 80 கிராம், அதாவது 400 மில்லிகிராம். எடையால வகுத்தா கிலோவுக்கு 27. எட்டு பேர்ல யாரும் விஷம் வைக்கல. எட்டு பேரும் சேர்ந்து வச்சுட்டோம்.

சாக்லேட்டாவது பலருக்குத் தெரிஞ்ச விஷயம். தினமும் நடக்குறது வெங்காயத்துல. ஞாயித்துக்கிழமை பிரியாணி முடிஞ்சதும் தட்டுல மிஞ்சுற வெங்காயப் பச்சடியும் மசாலா சோறும் நேரா நாய்க்குத்தான் போகுது. வெங்காயம், பூண்டு ரெண்டுலயும் இருக்குற கந்தகச் சேர்மங்கள் நாயோட சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேக வச்சாலும் வறுத்தாலும் அது போகாது. பூண்டு, எடைக்கு எடை வெங்காயத்தை விட மோசம். நாயோட எடையில அரை சதவீதம் அளவு வெங்காயம் போனாலே பாதிப்பு தெரியும். 15 கிலோ நாய்க்கு 75 கிராம், ஒரு நடுத்தர வெங்காயம். ஒரு தட்டுல அவ்வளவு மிஞ்சாது. பத்து தட்டுல மிஞ்சும். இதுல இன்னொரு சிக்கல், அறிகுறி அன்னைக்கே தெரியாது. சில நாள் கழிச்சு ஈறு வெளுக்கும், சிறுநீர் செம்பழுப்பாகும், நாய் சுருண்டு படுத்துக்கும். அப்போ ஞாயித்துக்கிழமை பிரியாணி யாருக்கும் ஞாபகம் வராது. “ஏதோ சீக்கு வந்துடுச்சு போல”ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம்.

அதே பிரியாணியில அடுத்தது கோழி எலும்பு. எலும்பு போடுறதுதான் நாய்க்குச் செய்யுற மரியாதைன்னு சின்ன வயசுல இருந்தே நம்ம மண்டையில ஏறிப்போச்சு. வெந்த எலும்பு கடிச்சா ஊசி ஊசியா பிளக்கும். தொண்டையில சிக்கலாம், குடலைக் கிழிக்கலாம்.

திராட்சை நிறைய பேருக்குத் தெரியாது. பச்சைத் திராட்சையோ உலர்ந்ததோ, நாயோட சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு சொல்ல ஒரு பாதுகாப்பான அளவு கிடையாது. ஒரு நாய் ஒரு கொத்து தின்னுட்டு சும்மா திரியும், இன்னொண்ணு சில பழத்துலயே படுத்துடும். அதனால பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல் எதுவும் வேண்டாம். 2021-ல அமெரிக்க கால்நடை மருத்துவர்கள், இதுக்குக் காரணம் திராட்சையில இருக்குற டார்டாரிக் அமிலமா இருக்கலாம்னு சொன்னாங்க. அந்த அமிலம் இன்னும் எதுல நிறைய இருக்கு தெரியுமா? நம்ம புளியில. புளி தின்ன நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் பாதிச்சது பதிவாகியிருக்கு. புளிசாதப் பொட்டலத்தை நாய்க்கு நீட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க.

கடைசியா ஜிம் கோஷ்டிக்கு ஒரு வேண்டுகோள். சுகர் ஃப்ரீ சூயிங்கம், மிண்ட், சில பீநட் பட்டர்ல சைலிடால்னு ஒரு இனிப்பு சேர்க்குறாங்க. லேபிள்ல பேர் இல்லாம 967-ங்கிற எண்ணா மட்டும் இருக்கலாம். நமக்கு ஒண்ணும் பண்ணாது. நாய்க்கு இன்சுலினை மளமளன்னு சுரக்க வச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தச் சர்க்கரையைக் கவிழ்த்துடும், கல்லீரலையும் கெடுக்கும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். அரியர் கணக்குல ஒன்றரை கிராம்.

இதைச் சொன்னதும் ரூம்மேட் சிரிச்சான். “எங்க ஊர்ல நாய் எல்லாம் குழம்பு சோறு தின்னுதான்டா வளருது. ஒண்ணும் ஆகல.” நியாயமான கேள்விதான். ஆனா இரண்டாம் உலகப் போர் விமானக் கதை நமக்குத் தெரியும். திரும்பி வந்த விமானங்கள்ல எங்கெல்லாம் குண்டு துளைச்சிருக்கோ அங்க கவசம் போடலாம்னு ராணுவம் நினைச்சது. துளை இல்லாத இடத்துல போடுங்க, அங்க அடி வாங்கினது திரும்பி வரலன்னு ஆபிரகாம் வால்டுங்கிற புள்ளியியலாளர் காட்டினார். நம்ம கண்ணு முன்னாடி வாலாட்டுறது திரும்பி வந்த விமானம். புதருக்குப் பின்னாடி போய்ச் செத்த நாயை யாரும் எண்ணுறதில்ல. தெருநாய்க்குப் போஸ்ட்மார்ட்டமும் பண்றதில்ல.

“மனுஷனுக்கே மெஸ்ல நல்ல சோறு கிடையாது, நாய்க்குத் தனி மெனுவா?”ன்னும் கேட்பீங்க. தனி மெனு வேண்டாம். நாய்க்குத் தேவையானது நம்ம மெஸ்ஸால கெடுக்க முடியாத ஒரே ஐட்டம், வெறும் வெள்ளைச் சோறு. நாய்க்குச் சோறு செரிக்கும். மாவுச்சத்தை உடைக்குற அமைலேஸ் நொதிக்கான ஜீன் ஓநாய்க்கு ரெண்டு பிரதிதான், நாய்க்கு நாலுல இருந்து முப்பது வரைக்கும் இருக்குன்னு 2013-ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு காட்டுச்சு. மனுஷனோட சோத்துப் பானைக்குப் பக்கத்துலயே வளர்ந்த விலங்கு அது.

அந்தச் சோறோட அவிச்ச முட்டை, இல்லாட்டி எலும்பு எடுத்த வெந்த கோழி, உப்பும் மசாலாவும் இல்லாம. கொஞ்சம் தயிர் சேர்க்கலாம். பால் வேண்டாம், வளர்ந்த நாய் பலதுக்கு லாக்டோஸ் செரிக்காது, வயித்தால போகும். வெந்த கேரட், பரங்கிக்காய், விதை எடுத்த தர்பூசணி, ஒரு துண்டு வாழைப்பழம் எல்லாம் சரி. பிஸ்கட் விஷம் இல்ல, சாப்பாடும் இல்ல. சாக்லேட் க்ரீம் வச்சது கூடவே கூடாது. எல்லாத்துக்கும் மேல ஒரு சட்டி சுத்தமான தண்ணி. மே மாசத்துல அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

அரியர் பிழைச்ச பிறகு எங்க பிளாக்ல மூணு விஷயம் பண்ணோம். எல்லா ஹாஸ்டல்லயும் பண்ணலாம். ஒண்ணு, குழம்பு ஊத்துறதுக்கு முன்னாடியே ஒரு பாத்திரத்துல வெறும் சோறு எடுத்து வைக்கச் சொல்லி மெஸ் அண்ணாகிட்ட கேட்டோம். மறுபேச்சு இல்லாம சரின்னார். ரெண்டு, ஒரு நாளைக்கு ரெண்டு பேர்தான் சோறு வைப்பாங்க. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரே இடத்துல வச்சுட்டு, என்ன வச்சோம், எத்தனை மணிக்குன்னு நோட்டீஸ் போர்டு தாள்ல எழுதிடணும். மத்தவங்க தடவிக் குடுக்கலாம், தட்டை நீட்டக் கூடாது. மூணு, பக்கத்துல இருக்குற கால்நடை மருத்துவமனை நம்பரை அதே தாள்ல பெருசா எழுதி வச்சோம்.

ஏதாவது கூடாததைத் தின்னுடுச்சுன்னு தெரிஞ்சா, அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க. உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, அந்த உப்பே நாயைக் கொல்லலாம். கவரை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க. அவர் அந்த மூணு கேள்வியைத்தான் கேட்பார். தாள்ல எழுதி வச்சிருந்தா மூணுக்கும் பதில் இருக்கும்.

நாய் நம்மை நம்புறதால, கையில இருந்து விழுறது எதுவா இருந்தாலும் தின்னுடும். அதால லேபிள் படிக்க முடியாது, இன்னும் ஏழு பேர் போட்டிருக்காங்கன்னு கணக்கு வைக்கவும் முடியாது. அந்த ரெண்டு வேலையும் நம்மளோடது.

இப்பவும் பன்னிரண்டு மணிக்குக் கேக் வெட்டினா அரியர் வாசல்ல வந்து நிக்குது. அதுக்குன்னு ஒரு அவிச்ச முட்டை எடுத்து வச்சிருக்கோம். உங்க ஹாஸ்டல்லயும் ஒண்ணு இருக்கும், வேற பேர்ல. மத்த பேப்பர் எல்லாம் எப்படியோ போகட்டும். இந்த ஒரு அரியரை மட்டும் யாரும் கிளியர் பண்ணிடாதீங்க.