காஸ் மாத்திரையையும் சொல்லுங்கள்

மாலை ஏழு மணிக்கு எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, சுருக்குப் பையிலிருந்து காலியான அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டுவார். "இதுல பத்து நாளைக்குக் குடுப்பா, அப்படியே காஸ் மாத்திரையும் ஒரு அட்டை போட்டுடு." கடைப் பையன் கத்தரிக்கோலால் வெட்டி, பழுப்பு உறையில் போட்டு, மேலே 'இரவு' என்று எழுதித் தருவான். வெட்டிய துண்டில் மாத்திரையின் பெயரில் பாதிகூட மிஞ்சாது. முதல் மாத்திரை மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஒமிப்ரசோல். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கடையில் யாரும் கேட்பதில்லை. அந்த அம்மாவின் கல்லீரலுக்கு மட்டும் தெரியும்.

கல்லீரலில் சிஒய்பி2சி19 என்றொரு நொதி இருக்கிறது. எஸ்சிட்டலோபிராமையும் அதன் மூத்த உடன்பிறப்பான சிட்டலோபிராமையும் உடைத்து வெளியேற்றும் வேலையில் பெரும்பங்கு இதனுடையது. ஒமிப்ரசோல் இதே நொதியைத் தடுக்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் எஸ்சிட்டலோபிராமின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ஆக, டாக்டர் எழுதியது பத்து மில்லிகிராம். உடம்பு உணர்வது பதினைந்து.

இந்த நொதியே பிறவியில் சோம்பலாக இருப்பவர்களும் உண்டு. பத்தாவது குரோமோசோமில் உள்ள இதன் மரபணுவை அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக நாம் பெறுகிறோம். இரண்டுமே செயலிழந்த வகையாக இருந்தால் மருந்து உடலில் தேங்கும். ஐரோப்பியர்களில் இப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர்தான். நம்மிடம் நிலைமை வேறு. புதுச்சேரி ஜிப்மர் மருந்தியல் துறையினர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்களிடம் இதை ஆராய்ந்தார்கள். செயலிழந்த வகை, சோதித்த மரபணுப் பிரதிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தது. கணக்குப் போட்டால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இந்த மருந்தை மெல்லக் கரைப்பவர்கள். ஒரு பேருந்தில் ஐம்பது பேர் என்றால் அதில் ஐந்தாறு பேர். அவர்களில் யாருக்கும் அது தெரியாது.

தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? இங்கேதான் இதயம் வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை அடுத்த துடிப்புக்காகத் தன்னை மின்னேற்றிக்கொள்கிறது. ஈசிஜி தாளில் அந்த நேரத்தைக் கியூடி இடைவெளி என்று அளக்கிறார்கள். பொட்டாசியத்தை வெளியே விடும் சிறு வாய்க்கால்கள் திறந்தால்தான் மின்னேற்றம் முடியும். சிட்டலோபிராமும் எஸ்சிட்டலோபிராமும் அந்த வாய்க்காலைக் கொஞ்சம் அடைக்கும், இடைவெளி நீளும். அளவுக்கு மீறி நீண்டால், துடிப்பு திடீரென முறுக்கிக்கொண்டு ஓடும். பிரெஞ்சு மருத்துவர் தெசர்தென் 1966இல் இந்த அலைவடிவத்தை விவரித்தார். சில நொடிகளில் தானே சரியானால் மயக்கம், சரியாகாவிட்டால் மரணம்.

2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சிட்டலோபிராமுக்கு 40 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தது. அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், இந்த நொதி பிறவியிலேயே மந்தமானவர்களுக்கும், நொதியைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் 20 மில்லிகிராமோடு நிறுத்தச் சொன்னது. அவர்கள் சொன்ன கணக்குப்படி 20 மில்லிகிராமில் இடைவெளி 8.5 மில்லிவிநாடி நீள்கிறது. 60 மில்லிகிராமில் 18.5. ஒரு விநாடியை ஐம்பது பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இல்லை. ஆரோக்கியமான இதயத்துக்கு இது பொருட்டே அல்ல. ஆனால் மேலே சொன்ன அம்மாவை மறுபடி பாருங்கள். வயது அறுபதுக்கு மேல். பெண்களுக்கு இந்த இடைவெளி இயல்பிலேயே சற்று நீளம். பிபிக்குச் சாப்பிடும் மாத்திரை நீர் பிரியவைக்கும் வகை என்றால் பொட்டாசியமும் குறைந்திருக்கும். அவர் கேட்டு வாங்கும் காஸ் கேப்ஸ்யூலில் பல நேரம் ஒமிப்ரசோலோடு டொம்பெரிடோனும் கலந்திருக்கும். அதுவும் இதே இடைவெளியை நீட்டும் மருந்து. இருமலுக்கு அசித்ரோமைசின் சேர்ந்தால் இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சாது. ஒன்றாக வந்தால்தான் வம்பு.

இதைப் படித்ததும் யாராவது மாத்திரையைத் தூக்கிப் போட்டால் அது இதைவிடப் பெரிய ஆபத்து. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் லட்சக்கணக்கான பதிவுகளை 2013இல் ஆராய்ந்தபோது, அதிக அளவு சிட்டலோபிராம் சாப்பிட்டவர்களிடம் கூடுதல் மரணங்கள் தென்படவில்லை. பின்னால் வந்த இன்னொரு ஆய்வில், எச்சரிக்கைக்குப் பயந்து அளவைக் குறைத்த நோயாளிகள்தான் மருத்துவமனையில் அதிகம் சேர்ந்திருந்தார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்குச் செர்ட்ராலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை பாதுகாப்பானது என்று 2002லேயே ஆய்வு வந்துவிட்டது. மனச்சோர்வும் உயிரைக் குடிக்கும் நோய்தான். ஆகவே கேள்வி மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எந்த மாத்திரை, எவ்வளவு, வேறு எதோடு சேர்த்து என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு விடை யாரிடமும் முழுசாக இல்லை என்பதே சிக்கல். மனநல மருத்துவருக்கு எஸ்சிட்டலோபிராம் தெரியும். காஸ் மாத்திரை தெரியாது. ஹார்ட் டாக்டரிடம் ஈசிஜி இருக்கும். மனநல மாத்திரையை வீட்டார் அவரிடம் சொல்வதே இல்லை. "தூக்க மாத்திரைதான் சார்" என்று பூசி மெழுகுவார்கள். மகள் கல்யாணம் கெட்டுவிடுமோ, பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுமோ என்ற பயம் டாக்டர் அறைக்குள்ளும் கூடவே வருகிறது. இந்த ஒரு பொய்யால் வரும் கேடு, எந்த மரபணுவால் வருவதையும்விட அதிகம் என்பது என் எண்ணம்.

குடும்பம் மறைக்கும் இன்னொன்று, பழைய சாவுகள். "சித்தப்பா பையன் கிணத்துல குளிக்கும்போது போயிட்டான், நல்லா நீச்சல் தெரியும்." "அத்தை பொண்ணு அலாரம் அடிச்சு எழுந்தவ, அப்படியே விழுந்தா." பொட்டாசிய வாய்க்கால் மரபணுவிலேயே பழுது உள்ள நீள்-கியூடி நோய் சுமார் இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நீச்சலும் திடீர்ச் சத்தமும் அதைத் தூண்டிவிடும். அதில் ஒரு வகையை நார்வேயில் ஜெர்வெலும் லாங்கே-நீல்சனும் 1957இல் பதிவு செய்தார்கள். ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அடிக்கடி மயக்கம். அவர்களில் மூவர் திடீரென இறந்துபோனார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் இந்த வகை வரும். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டும் நம் ஊரில், காது கேளாத குழந்தை மயங்கி விழுந்தால் 'காக்காய் வலிப்பு' என்று ஒதுக்காமல் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம். இப்படிப்பட்ட குடும்பத்தில் மனச்சோர்வு மாத்திரை தொடங்குவதற்கு முன் டாக்டர் இதையெல்லாம் கேட்டறிய வேண்டும்.

எல்லோருக்கும் மரபணுச் சோதனை செய்துவிட்டால் தீர்ந்ததா? இன்றைய நிலையில் அதை எல்லோர் தலையிலும் கட்டுவது நியாயமல்ல. மருந்து பலிக்காமலோ பக்கவிளைவு மிஞ்சியோ தவிப்பவர்களுக்கும், ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது பயன்படும். மந்தமான நொதி உள்ளவர்களுக்கு வேறு மருந்து, இல்லையேல் குறைந்த அளவு என்று சர்வதேச வழிகாட்டுதல்களும் இருக்கின்றன. மற்றவர்களுக்கு ஈசிஜியும் ஒழுங்கான மருந்துப் பட்டியலுமே பெரும்பாதித் தூரம் கொண்டுபோய்விடும். ஈசிஜி இல்லாத அரசு மருத்துவமனை இன்று அபூர்வம். மனநலப் பிரிவிலிருந்து அந்த அறைக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புவதை வழக்கமாக்கினால் போதும்; அரசாணைக்காகக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்துக் கடைக்காரர்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம்: அட்டையை வெட்டும்போது பெயர் இருக்கும் பக்கத்தை நோயாளியிடம் கொடுங்கள். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்தைக் கொடுக்காதீர்கள்.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று மனம் அலைபாய்ந்தால் 14416இல் டெலி மானஸ் ஆலோசகர்களிடம் பேசலாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய் மேஜையில் கொட்டுங்கள். பிபி, சுகர், மனசுக்கானது, காஸுக்கானது, எதையும் விட்டுவிடாதீர்கள்.