இரும்பால் பெற்ற விடுதலையும் ஏற்பில்லாப் பதக்கமும்

அடிமைக்கு விடுதலை தந்தவன் ஆண்டையே என்று எழுதிவைப்பது ஆண்டைகளின் பழைய வழக்கம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றியும் இக்கதையே சொல்லப்படுகின்றது. கறுப்பினத்தார் கைகட்டி நின்றனராம், இலிங்கன் கையெழுத்திட்டாராம், விலங்கு தானே கழன்று வீழ்ந்ததாம்! இப்பொய்யை உடைக்கப் பெருநூல் வேண்டா. ஒரு சிறு வெள்ளிப் பதக்கம் போதும்.

1864 செபுதம்பர் 29. வர்சீனியா மாநிலத்தில், அடிமையுடைமையரின் தலைநகராகிய இரிச்சுமண்டுக்குத் தென்கிழக்கே, நியூ மார்க்கெட்டு மேட்டில் எதிரியின் அரண் நின்றது. சேம்சு ஆற்றுப் படையின் தலைவர் பெஞ்சமின் பட்லர், அதனைக் கைப்பற்றும் பணியைக் கறுப்பினப் படைப்பிரிவுகளிடம் விட்டார். நின்று சுடுதல் கூடாது. துமுக்கிமுனைக் கத்தியாலேயே பாய்ந்து பிடித்தல் வேண்டும் என்பது ஆணை. கறுப்பர் போருக்கு ஆவரோ என்று ஐயுற்ற வெள்ளையர்க்கு விடை சொல்ல விரும்பினார் பட்லர். அவ்விடையோ கறுப்பர்தம் குருதியால் எழுதப்பட வேண்டியிருந்தது! மரத்தடுப்புகளுக்கிடையே, குண்டுமழையில், வரிசை வரிசையாக வீழ்ந்தும் அவர்கள் முயற்சியைக் கைவிட்டாரல்லர். கொடி தாங்கியவர் வீழ, நான்காம் பிரிவின் கிறித்தியன் பிளீட்வுட்டு அக்கொடியைத் தாம் ஏந்தினார். ஐந்தாம் பிரிவில் வெள்ளைத் தலைவர்கள் வீழ்ந்தபின், பவுகாட்டன் பீட்டி தம் அணியைத் தாமே நடத்திச் சென்றார். மேடு கைக்கு வந்தது.

அம்மறத்தைப் போற்றுதற்காகப் பட்லர் தம் சொந்தப் பொருளால் ஏறத்தாழ 200 வெள்ளிப் பதக்கங்களை அடிப்பித்தார். ஒருபுறம் அரண்மேற் பாயும் கறுப்பினப் படைஞர். அவரோடு, 'இரும்பால் அவர்க்கு விடுதலை வந்தெய்தும்' எனும் பொருளுடைய இலத்தீன் தொடர். 'காகிதத்தால்' என்றோ 'இரக்கத்தால்' என்றோ அது கூறவில்லை என்பதை உணர்க! ஆயினும், அடிமைக்கு எழுத்தறிவித்தலையே குற்றமாக்கிய மாநிலங்களிலிருந்தும் வந்த மறவரின் மார்பில், கற்ற வெள்ளையரும் சிலரே அறிந்த செத்த மொழியில் அத்தொடர் பொறிக்கப்பட்டது. அத்தொடரைத் தாமே படிக்கவியலாமை எத்துணைக் கொடுமை!

அரசு செய்ததென்ன? இப்பதக்கத்தைப் படைத்துறை தன் பதக்கமாக ஏற்கவேயில்லை. 1865 சனவரியில் பட்லர் பதவியினின்று நீக்கப்பட்டார். பதக்கம் ஒரு தனியாளின் அன்பளிப்பாகவே நின்றுவிட்டது. குருதி கொள்கையில் அது நாட்டின் போர். சிறப்புச் செய்கையில் மட்டும் தனியாளின் செலவோ?

'அம்மேட்டுப் போருக்காகக் கறுப்பினத்தார் 14 பேர்க்கு அரசின் மிகவுயர்ந்த பதக்கம் வழங்கப்பட்டதே' என்பர் சிலர். உண்மை, அவர்கள் அதற்கு முற்றும் உரியவர்கள். ஆனால், அதே உயர்பதக்கம் வெள்ளையர்க்கு எவ்வாறு வாரியிறைக்கப்பட்டது என்பதையும் பார்த்தல் வேண்டும். 1863இல் பணிக்காலம் முடிந்த இருபத்தேழாம் மெயின் படைப்பிரிவினர், தலைநகர் வாசிங்டனைக் காக்கச் சில நாள் கூடுதலாகத் தங்கினால் பதக்கம் உண்டு என்று கூறப்பட்டது. தங்கினோர் ஏறத்தாழ 300 பேர். பதக்கமோ தங்காதவர்க்கும் சேர்த்து 864 பேர்க்கு! 1917இல்தான் அப்பெயர்கள் நீக்கப்பட்டன. வீட்டுக்குப் போனவனுக்கு நாட்டின் முதற்பதக்கம். அரண்மேற் பாய்ந்தவனுக்கு ஏற்பில்லாப் பதக்கம். இதுவோ நடுவுநிலைமை?

சம்பளத்திலும் இதே ஓரவஞ்சனை. வெள்ளைப் படைஞனுக்குத் திங்களுக்கு 13 தாலர்; கறுப்பனுக்கு 10 தாலர், அதிலும் உடைக்கென 3 தாலர் பிடித்தம். 1864 சூனில்தான் பேரவை இதனைத் திருத்தியது. அதுவும், ஊதியத்தை வாங்க மறுத்துக் கறுப்பினப் படைஞர் போராடியதன் பின்னரே.

பட்லரின் நன்றியுணர்வைப் பழிப்பதற்கில்லை. ஆனால், ஒருவரின் பணப்பையை நம்பி நிற்கும் சிறப்பு உரிமையாகாது. அதனாலன்றோ போருக்குப் பின் தென்மாநிலங்கள் கறுப்பரின் வாக்குரிமையையும் பறித்தன! அதனை மீட்க 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரை, ஒரு நூற்றாண்டு, அவர்கள் மீண்டும் போராட நேர்ந்தது. இரும்பால் வென்றதை ஆண்டைகள் தாளால் திருடினர்.

ஏறத்தாழ 1,80,000 கறுப்பினப் படைஞர் அப்போரில் நின்றனர். அவர்தம் விடுதலை கொடையன்று, கொண்டது. அதனை மறுப்போர் வரலாற்றை எழுதுவோரல்லர், அழிப்போரே!